டன்னுக்கு அரைக் கிலோ

புதுப் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் நடுவில் பிரித்து முகர்ந்து பார்க்கிற நண்பர்கள் எனக்கு நிறைய பேர் உண்டு. பழைய புத்தகக் கடையிலும் அதையே செய்வார்கள். மஞ்சளடித்த பக்கங்களிலிருந்து லேசாக வெனிலா மாதிரி ஒன்று வரும். "காலத்தோட வாசம்டா" என்பான் ஒருவன். அது லிக்னினின் வாசம். மரத்துக்குள் நார்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் பசைக்குத்தான் லிக்னின் என்று பெயர். காகிதத்தில் அது மிச்சமிருந்தால் வெயிலும் காற்றும் பட்டு மெல்ல உடையும், தாள் பழுப்பேறும். உடைகிற துண்டுகளில் ஒன்று வெனிலின், ஐஸ்கிரீமில் போடுகிற அதே வெனிலின். செய்தித்தாள் சில வாரங்களிலேயே மஞ்சளாகிவிடுவதும், நல்ல தாளில் அச்சிட்ட கவிதைத் தொகுப்பு பல வருடம் வெள்ளையாகவே நிற்பதும் இந்தப் பசையை எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம்.

நான் மூன்று வருடம் இந்தப் பசையை அளக்கிற வேலையில் இருந்தேன். திருவண்ணாமலையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வெளியூரில் ஒரு காகித ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். மணிக்கொரு தரம் வேகவைத்த கூழ் ஒரு பாத்திரத்தில் வரும். அதில் எடை போட்டு எடுத்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் சரியாகப் பத்து நிமிடம் கலக்கி, மிச்சமிருக்கும் பெர்மாங்கனேட்டை அளந்தால் கப்பா நம்பர் கிடைக்கும். அதை 0.15-ஆல் பெருக்கினால் கூழில் எத்தனை சதவீதம் லிக்னின் மிச்சம் என்று ஏறத்தாழ தெரிந்துவிடும். கப்பா 20 என்றால் மூன்று சதவீதம். இருபதைத் தாண்டினால் போன் வரும். பதினாறுக்குக் கீழே இறங்கினாலும் போன் வரும். ஏன் இரண்டுக்கும் போன் என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

அந்த ஆலைக்கு வருகிற லாரிகளில் பாதி சவுக்கு. சவுக்கு எனக்குப் புதிதல்ல. அப்பாவுக்கு வேட்டவலம் சாலையில் உள்ளடங்கிய ஊரில் இரண்டரை ஏக்கர். கிணறு வற்றி, களையெடுக்க ஆள் கிடைக்காமல் போன பிறகு நெல்லையும் மணிலாவையும் விட்டுவிட்டுச் சவுக்கு வைத்தார். வேர் முடிச்சுகளில் இருக்கிற நுண்ணுயிர் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துவிடும் என்பதால் உரச்செலவு குறைவு. முதல் இரண்டு வருடம் தண்ணீர் காட்டினால் போதும், நாலாவது வருடம் வெட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டும் என்று சென்னைக் கடற்கரையோரம் வளர்க்க ஆரம்பித்த மரம் அது. பிறகு வீடு கட்டுகிறவர்களுக்குச் சாரக்கட்டு ஆனது, பந்தல்கால் ஆனது. எங்கள் காலத்தில் அது காகிதம். பட்டை உரித்து, இரண்டு ஆள் நீளத்துக்கு வெட்டி, லாரியில் அடுக்கி அனுப்புகிறபோது அப்பா கேட்பார்: "இத்தனை மரத்தையும் என்னாடா பண்றாங்க?"

"வேக வைக்கிறாங்கப்பா."

"சவுக்குக் கட்டையையா?" என்று சிரிப்பார். விறகைக் கொண்டு எதையாவது வேகவைப்பார்கள். விறகையே வேகவைப்பதை அவர் கேள்விப்பட்டதில்லை.

*

அம்மாவுக்கு இது எளிதில் புரிந்தது. கொண்டைக்கடலையை ஊறப்போட மறந்துவிட்டால் அவள் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவாள். முற்றின ஆட்டுக்கறி என்றால் பப்பாளிக்காயில் ஒரு துண்டு. சோடா கடலையின் செல்களை ஒட்டியிருக்கும் பெக்டினைக் கரைக்கிறது, பப்பாளிப் பால் இறைச்சியின் புரதத்தை வெட்டுகிறது. இரண்டிலும் ஒரே எச்சரிக்கைதான்: கொஞ்சம் கூடினால் கடலை கூழாகிவிடும், கறி நார்நாராகக் கழன்றுவிடும்.

ஆலையில் நடப்பதும் இதே சமையல்தான். மரத்தைச் சில்லுகளாக வெட்டி டைஜஸ்டர் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் போடுவார்கள். காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த ஒயிட் லிக்கரை ஊற்றி 165, 170 டிகிரி வரை சூடேற்றுவார்கள். பசை கரைந்து கருப்பான பிளாக் லிக்கராக வெளியேறும். நார் மிஞ்சும். சோறு வடித்த மாதிரி நாரை அலசி எடுத்தால் கூழ்.

இந்தச் சமையலின் வரலாறே 'இன்னும் என்ன சேர்க்கலாம்' என்பதன் வரலாறுதான். 1851-இல் இங்கிலாந்தில் பர்கெஸ், வாட் என்கிற இருவர் வெறும் காஸ்டிக் சோடாவில் மரத்தை வேகவைத்துக் காட்டினார்கள். அதற்கு முன்னால் காகிதம் என்றால் கந்தைத்துணி. பருத்தியில் லிக்னின் கிட்டத்தட்ட இல்லை என்பதால் பெரிய சமையல் எதுவும் தேவைப்படவில்லை. பாண்டிச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடத்தில் இன்றும் பருத்தித் துணிதான் மூலப்பொருள். ஆனால் உலகம் முழுக்கப் பத்திரிகை படிக்க ஆரம்பித்ததும் கந்தை போதவில்லை.

1879-இல் டான்சிக் நகரத்தில் கார்ல் டால் என்கிற வேதியியலாளர் சோடாச் செலவைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். பயன்படுத்திய திரவத்தை வற்றவைத்து எரித்து சோடாவை மீட்பார்கள். அதில் ஏற்படும் நட்டத்தை ஈடுகட்ட விலை மலிவான சோடியம் சல்ஃபேட்டைச் சேர்த்தார். உலையின் சூட்டில் அது சல்ஃபைடாக மாறியது. அந்தத் திரவத்தில் வெந்த மரம் சீக்கிரம் வெந்தது. கூழும் முன்பைவிடப் பலமாக இருந்தது. ஜெர்மன் மொழியில் பலத்துக்கு 'கிராஃப்ட்' என்று பெயர். இன்று உலகின் மரக்கூழில் பெரும்பகுதி கிராஃப்ட் முறையில்தான் தயாராகிறது. காசு மிச்சம் பிடிக்கப் போட்ட மலிவு உப்பு ஒரு தொழிலின் பெயரையே மாற்றிவிட்டது.

கூடவே நாற்றத்தையும் கொண்டுவந்தது. சல்ஃபைடு மரத்தோடு சேர்ந்து மெத்தில் மெர்காப்டன் போன்ற வாயுக்களை உண்டாக்கும். அழுகிய முட்டைக்கோஸ் வாடை. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். புத்தக வாசனை பற்றிப் பேசும் நண்பர்களை ஒரு நாள் அந்த ஆலை வாசலில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் என் சட்டையை அம்மா தனியாகத்தான் ஊறவைப்பாள்.

*

ஆலையில் சேர்ந்து மூன்றாவது மாதம் அந்தத் தூளைப் பார்த்தேன். வெளிர் மஞ்சள். 25 கிலோ சாக்கு. தண்ணீரில் போட்டால் கரையாமல் மிதந்துகொண்டிருக்கும். எங்கள் ஷிப்ட் கெமிஸ்ட் கொங்குப் பக்கத்து மனிதர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் ஒரு டம்ளரில் கொஞ்சம் எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"இது என்னன்னு தெரியுமுங்களா தம்பி? ஏ.க்யூ. ஆந்த்ராகுவினோன். ஒரு டன் மரத்துக்கு அரைக் கிலோ. அவ்வளவுதான். ஆனா அது இல்லாட்டி ராத்திரி நமக்குத் தூக்கம் இல்லீங்."

ஆயிரம் கிலோ காய்ந்த மரத்துக்கு அரைக் கிலோ. 0.05 சதவீதம். அவ்வளவு குறைந்த தூள் என்ன செய்துவிடும் என்பதைப் புரிந்துகொள்ள, நான் மேலே சொன்ன இரண்டு போன்களுக்கும் திரும்ப வேண்டும்.

காஸ்டிக் சோடா பசையை மட்டும் கரைப்பதில்லை, நாரையும் அரிக்கிறது. நார் என்பது செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் துண்டுகள் வரிசையாகக் கோத்த சரம். சோடா அந்தச் சரத்தின் ஒரு நுனியைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றும். கடைசி முடிச்சை இறுக்காமல் விட்ட மல்லிகைச் சரம் எப்படி நுனியிலிருந்து பூப்பூவாக உதிருமோ அப்படி. வேதியியலில் இதற்கு உரிதல் வினை என்று பெயர். பசை முழுக்கப் போகட்டும் என்று இன்னும் அரை மணி நேரம் வேகவைத்தால் நாரும் சேர்ந்து உதிரும். கப்பா பதினாறுக்குக் கீழே போனால் வரும் போன் அதற்காகத்தான். மரம் வீணாகிறது, கூழ் பலவீனமாகிறது. கப்பா இருபதைத் தாண்டினால் பசை மிச்சம், வெளுக்க அதிக ரசாயனம் ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆலையின் லாபம்.

ஆந்த்ராகுவினோன் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. முதலில் செல்லுலோஸ் சரத்தின் நுனிக்குப் போய் அதை ஆக்சிஜனேற்றம் செய்து ஓர் அமிலமாக மாற்றிவிடும். சரத்தின் கடைசியில் முடிச்சு விழுந்துவிடுகிறது, உதிர்வது நிற்கிறது. இந்த வேலையில் அது தானே மாறி ஹைட்ரோகுவினோன் வடிவத்துக்குப் போகிறது. அந்த வடிவம் சோடாவில் கரையும். கரைந்து மரச்சில்லுக்குள் நுழைந்து லிக்னினின் இணைப்புகளை வெட்டும். வெட்டியதும் மறுபடி பழைய ஆந்த்ராகுவினோன் ஆகிவிடும். திரும்பவும் செல்லுலோஸிடம் போகும். பெரியார் சிலைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஓடுகிற ஷேர் ஆட்டோ மாதிரி, போகும்போது ஒரு சவாரி, வரும்போது ஒரு சவாரி. அதனால்தான் அரைக் கிலோ போதும்.

1972-இல் கிழக்கு ஜெர்மனியில் பாஹ், ஃபீன் என்ற இருவர் இதன் உறவுப் பொருள் ஒன்றை வைத்து முதலில் இதைக் காட்டினார்கள். 1977-இல் கனடாவில் ஒரு ரசாயன நிறுவனத்தில் இருந்த ஹோல்டன், ஆந்த்ராகுவினோனே அதைவிட மலிவாக, நன்றாக வேலை செய்கிறது என்று காப்புரிமை வாங்கினார். சில வருடங்களுக்குள் ஜப்பான் ஆலைகளில் அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. காகிதத் தொழில் எதையும் மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளும் என்பார்கள், இதற்கு மட்டும் விதிவிலக்கு.

ஒரு நைட் ஷிப்டில் சும்மா இருக்கும்போது நான் கணக்குப் போட்டேன். ஒரு ஆலை ஒரு நாளைக்கு 300 டன் கூழ் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோ காய்ந்த மரத்துக்கு 46 கிலோ கூழ் கிடைத்தால் 652 டன் மரம் வேண்டும். தூளைப் போட்டு அது 47 ஆனால் 638 டன் போதும். ஒரே ஒரு சதவீதம்தான். தினம் 14 டன் மிச்சம். வருடத்துக்கு 330 நாள் ஓடினால் ஏறத்தாழ 4,600 டன். அப்பா நிலத்தில் ஏக்கருக்குப் பச்சையாக 40 டன் வந்தால் நல்ல வெட்டு என்பார், காய்ந்தால் இருபது, இருபத்திரண்டு. ஆக வருடத்துக்கு இருநூறு ஏக்கருக்கு மேல் சவுக்கு வெட்டப்படாமல் நிற்கும். அதற்கு ஆகிற தூள் நாளைக்கு 320 கிலோ.

அந்தக் கணக்கை அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்போ என் மரத்த வாங்க மாட்டாங்களா?" என்றார்.

*

திருவண்ணாமலைக்காரனுக்கு மரம் மிச்சமாவது சாதாரண விஷயம் அல்ல. எங்கள் மலையின் பழைய புகைப்படங்களில் அது மொட்டைப் பாறையாகத்தான் இருக்கும். விறகுக்கு வெட்டி, ஆடு மேய்த்து, கோடையில் தீப்பிடித்து அப்படி ஆனது. 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் வருடா வருடம் கன்று நட்டு, வேனிலில் தீத்தடுப்புக் கோடு வெட்டி, தண்ணீர் சுமந்து, இன்றைக்குச் சில சரிவுகள் மழைக்காலத்தில் பச்சையாகத் தெரிகின்றன. ஒரு மரம் வளர எவ்வளவு கூலி ஆகும் என்று இந்த ஊரில் கேட்டால் கண்ணால் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

தமிழ்நாட்டுக் காகிதத் தொழிலுக்கும் இந்தக் கவலை இருந்தது. 1979-இல் அரசு தொடங்கி, 1984-இல் கரூர் அருகே புகளூர் காகிதபுரத்தில் உற்பத்திக்கு வந்த டி.என்.பி.எல். ஆலை, மரத்தை நம்பாமல் கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதற்காகவே கட்டப்பட்டது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் பாய்லரில் எரித்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கு வேறு எரிபொருள் ஏற்பாடு செய்து கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொண்டார்கள். சக்கையில் லிக்னின் குறைவு, சீக்கிரம் வெந்துவிடும். ஆனாலும் தேவை வளர வளர மரமும் வேண்டியிருந்தது. அதற்காக விவசாயிகளுக்குச் சவுக்குக் கன்றும் தைலமரக் கன்றும் கொடுத்து ஒப்பந்தம் போடுகிற திட்டங்கள் வந்தன. காட்டு மரத்துக்குப் பதில் வயல் மரம். அப்பா மாதிரி ஆட்களின் வாழ்க்கை அதில்தான் ஓடுகிறது.

ஆக அந்த மஞ்சள் தூள் என் கண்ணில் ரொம்ப நல்லது. இன்னொரு காரணமும் இருந்தது. வெறும் காஸ்டிக் சோடாவோடு ஆந்த்ராகுவினோனைச் சேர்த்தாலே ஓரளவு நல்ல கூழ் கிடைக்கும், சல்ஃபைடே வேண்டாம். அதாவது நாற்றம் இல்லாத ஆலை. சுற்றுவட்டாரத்தில் இருபது வருடமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்களிடம் கேட்டால் இதன் அருமை தெரியும்.

அண்ணன் ஒரு நாள் எனக்கு ஒரு வேடிக்கை காட்டினார். சோதனைக் குழாயில் துளி தூள், காஸ்டிக் சோடா, கொஞ்சம் சோடியம் டைதயோனைட். லேசாகச் சூடு காட்டினார். மஞ்சள் அப்படியே ரத்தச் சிவப்பாக மாறியது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் ஆரத்தித் தட்டு சிவக்குமே, அந்தச் சிவப்பு. குழாயின் வாயைத் திறந்து குலுக்கினார். காற்று பட்டதும் சிவப்பு போய்விட்டது. "டைஜஸ்டருக்குள்ள இதுதானுங்க நடக்குது. நம்மால பாக்க முடியறதில்ல" என்றார்.

அந்தச் சிவப்பைப் பற்றிப் படிக்கப் போய் நான் வேறு எங்கோ சென்றேன். சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் ஐரோப்பாவைப் பைத்தியமாக்கிய காலத்தில் அவற்றின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. கடலோர மணலில் நீளமாக இறங்கும் மெல்லிய வேர். தமிழகக் கரையிலும் மன்னார்ப் பக்கமும் அதைத் தோண்டுவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அந்த வேரில் இருக்கும் அலிசரின், ஆந்த்ராகுவினோனின் பிள்ளை. 1868-இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் இருவரும் அலிசரினை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். தொடங்கிய இடம் நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஆந்த்ரசீன். ஒரு தலைமுறைக்குள் வேர்ச்சாயத்தின் சந்தை விழுந்துவிட்டது. மஞ்சிட்டி வேரின் சிவப்பும் இதே குடும்பம். மலச்சிக்கலுக்குப் பாட்டி கொடுக்கிற நிலாவாரையும், கற்றாழை மடலை வெட்டினால் வடியும் கசப்புப் பாலும்கூட இதற்குத் தூரத்துச் சொந்தம். தேக்கைக் கரையான் தொடத் தயங்குவதற்கு அதன் வைரத்தில் இருக்கும் இன்னொரு உறவினர் ஒரு காரணம்.

இவ்வளவு உறவும் தெரிந்தபின் எனக்கு அந்தத் தூள் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

*

சாக்கைப் பிரித்துக் கொட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு முகக்கவசம் கிடையாது. துண்டைக் கட்டிக்கொள்வார்கள். ஷிப்ட் முடியும்போது புருவமெல்லாம் மஞ்சள் படிந்திருக்கும். அண்ணன் மேலிடத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. மூன்றாவது முறை எழுதும்போது என்னைக் கூப்பிட்டு, "நெட்ல பாத்து இதப் பத்தி என்ன போட்டிருக்குதுன்னு எடுங்க தம்பி, சேர்த்து அனுப்பலாம்" என்றார். அப்படித்தான் தேட ஆரம்பித்தேன்.

அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2005-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இரண்டு வருடம் ஆந்த்ராகுவினோன் கலந்த தீனி கொடுத்த எலிகளுக்குச் சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் கட்டிகள், சுண்டெலிகளுக்குக் கல்லீரலில். அதன்பின் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2பி பட்டியலில் வைத்தது: மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுவது. விலங்குகளில் ஆதாரம் உண்டு, மனிதரில் போதுமான தரவு இல்லை என்று பொருள். முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது. 2013-இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், உணவைத் தொடும் காகிதத்துக்கு அனுமதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலிலிருந்து ஆந்த்ராகுவினோனை நீக்கிவிட்டது. ஐரோப்பாவுக்கு உணவு உறை ஏற்றுமதி செய்கிறவர்கள் அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

தேயிலைக்கும் இது தலைவலி. ஐரோப்பிய ஒன்றியம் தேயிலையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. விறகுப் புகையில் காய வைப்பதாலும் அது வரும், பொட்டலக் காகிதத்திலிருந்தும் வரலாம். எங்கள் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாங்கள் ஒரு டன் மரத்துக்கு 500 கிராம் போடுகிறோம். அவர்கள் ஒரு டன் தேயிலையில் 0.02 கிராமுக்கு மேல் ஆகாது என்கிறார்கள். இருபத்தைந்தாயிரம் மடங்கு வித்தியாசம்.

இந்த ஒப்பீடு முழு நியாயம் ஆகாது. போட்ட தூளில் பெரும்பகுதி பிளாக் லிக்கரோடு போய் ரெக்கவரி பாய்லரில் எரிந்துவிடுகிறது. கூழில் தங்குவது சொற்பம். அலசும்போதும் வெளுக்கும்போதும் அது இன்னும் குறையும். நீங்கள் படிக்கிற வெள்ளைத் தாளைத் தொடுவதால் எதுவும் ஆகிவிடப்போவதில்லை. வெளுக்காத பழுப்புக் காகிதத்தில் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அதுவும் எண்ணெய்ப் பண்டத்தைச் சூடாக வைத்தால், கொழுப்பில் கரைகிற பொருள் என்பதால், கொஞ்சம் ஏறலாம். சாக்கைப் பிரித்துக் கொட்டுகிறவருக்கு இந்தச் சமாதானம் எதுவும் பொருந்தாது. அவர் மூக்கில் போவது சொற்பம் அல்ல.

அறிக்கைகளை அச்சிட்டுக் கொடுத்தேன். அண்ணன் ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் படித்தார். அவரும் இருபது வருடம் அந்தத் தூளோடு இருந்தவர். "சரிங்க" என்று மட்டும் சொல்லி மனுவோடு சேர்த்துக் குத்தினார். இந்த முறை முகக்கவசம் வந்தது. ஒரு பெட்டி. தீர்ந்ததும் மறுபடி துண்டு.

*

நான் இப்போது ஆலையில் இல்லை. தேரடி வீதிக்குப் பக்கத்தில் ஒரு அச்சகத்தில் இருக்கிறேன். காகிதத்தை விடவில்லை, மறுமுனைக்கு வந்துவிட்டேன்.

அக்கா கிரிவலப் பாதையில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினாலு கிலோமீட்டரும் ஜனம். ராத்திரி முழுக்க அடுப்பு எரியும். முன்பெல்லாம் பழைய செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தாள். அச்சு மையில் இருப்பது உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 விதிகளில் அதைத் தடை செய்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் கூடாது என்றாகிவிட்டது. அவள் பழுப்புக் காகிதத்துக்கு மாறினாள். பெரும்பாலும் பழைய அட்டைப்பெட்டிகளைக் கரைத்து மறுபடி செய்தது அது. எந்தப் பெட்டி, எதில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

"நீ பேப்பர் ஃபேக்டரில இருந்தவன்தானே. இதுல வச்சிக் குடுக்கலாமா, சொல்லு" என்று கேட்டாள். அவள் மகன் பக்கத்தில் நின்று அதே காகிதத்தில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

எனக்கு எல்லாம் தெரியும். சரத்தின் முடிச்சு தெரியும், இருநூறு ஏக்கர் தெரியும், எலிகள் தெரியும். அக்காவுக்கு வேண்டியது ஆமாவா, இல்லையா என்று ஒரு வார்த்தை.

"சூடா எண்ணெயோட வச்சிக் குடுக்காத. வாழ இலை துண்டு போட்டு அதுக்கு மேல வை" என்றேன்.

"பௌர்ணமி அன்னைக்கு இலை என்ன விலை விக்குதுன்னு தெரியுமாடா உனக்கு? பஜ்ஜி பத்து ரூபா."

அவள் சொன்னது சரி. சித்திரைப் பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் சந்தையில் இலையைத் தொட முடியாது. கடைசியில் மலைப்பக்கத்திலிருந்து வருகிற ஒரு அம்மாவிடம் மந்தாரைத் தையல் இலை மொத்தமாகச் சொல்லிவைத்தாள். அதைக் கால்வாசியாக வெட்டிக் காகிதத்தின் மேல் வைக்கிறாள். தட்டுப்பாடான நாட்களில் காகிதம் மட்டும்தான். முழுத் தீர்வு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் மகனுக்கு இப்போதெல்லாம் எவர்சில்வர் தட்டில்தான் பஜ்ஜி.

ஆலைகளும் சும்மா இல்லை. லிக்கர் சில்லுக்குள் சீக்கிரம் இறங்கச் சோப்பு மாதிரியான பரப்பு ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். பாலிசல்ஃபைடு இருக்கிறது, அதுவும் சரத்தின் நுனியைக் கட்டும். வெந்த கூழை ஆக்சிஜனில் கழுவிப் பசையை எடுக்கிறார்கள். வெளுக்கும் முன்பு சைலனேஸ் என்சைம் காட்டுகிறார்கள். வேகவைப்பதற்கு முன்பே மரத்தின் மேல் பூஞ்சையை வளர்த்து லிக்னினைத் தின்னவிடும் சோதனைகளும் நடந்திருக்கின்றன. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் அதிகக் கூழ் தரும் சவுக்கு ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அரைக் கிலோவில் அவ்வளவு வேலை செய்து, மறுபடி தானாகவே திரும்பி வருகிற இன்னொரு பொருளை நான் இதுவரை கேள்விப்படவில்லை. அதனால் உணவைத் தொடாத தாளுக்கு அது இருக்கட்டும் என்றே நினைக்கிறேன். மூட்டையைத் தூக்குகிறவர் முகத்தில் கவசத்தோடு. அல்லது மூட்டையே இல்லாமல், தண்ணீரில் பிரித்த கரைசலாக, மூடிய குழாய் வழியாக. அந்த வடிவிலும் அது விற்கிறது, விலைதான் கொஞ்சம் அதிகம். உணவைத் தொடும் காகிதத்துக்கு அது வேண்டாம். உறையின் மேல் அதைப் பற்றி ஒரு வரி அச்சடித்தால் அக்கா மாதிரி ஆட்கள் தம்பியைக் கேட்க வேண்டியிருக்காது.

அப்பா இந்த வருடம் மூன்றாவது முறையாகச் சவுக்கு வைத்திருக்கிறார். புது ரகம், வேகமாக ஏறுகிறது. போன வாரம் போனபோது இடுப்பளவு இருந்தது. வரப்பில் நடந்துகொண்டே, "இந்தவாட்டி சாரத்துக்குக் குடுக்கலாமா, பேப்பருக்கா?" என்று கேட்டார்.

"எவன் அதிகம் தர்றானோ அவனுக்குக் குடுங்கப்பா" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போனார்.